பஸ்டர் கீட்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மௌனப்படத் திரையிடல்களுக்குப் பிறகு நடக்கும் உரையாடல்களில் பஸ்டர் கீட்டனைப் பற்றி எழும் ஐயங்கள் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. கேட்டவர்களின் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சற்றே சிக்கலானவை பின்னரும் வருகின்றன.

சாப்ளினைத் தெரியும். இந்த பஸ்டர் கீட்டன் யார்?

அமெரிக்க மௌனப்பட நகைச்சுவையில் சார்லி சாப்ளின், ஹெரால்ட் லாயிட் ஆகியோருடன் சேர்த்துச் சொல்லப்படும் மூன்றாவது பெயர் பஸ்டர் கீட்டன். 1895 அக்டோபர் 4 அன்று கான்சாஸ் மாநிலத்தின் பிக்வா என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய பெற்றோரான ஜோவும் மைராவும் ஊர் ஊராகச் சென்று, ஆட்டம் பாட்டத்தால் கூட்டம் சேர்த்து மருந்து விற்கும் குழு ஒன்றில் இருந்தார்கள். வழியில் குழு தங்கிய ஊரே பிள்ளைக்குப் பிறந்த ஊராக அமைந்துவிட்டது. 1920 முதல் 1928 வரை, தமக்கென அமைந்த ஸ்டுடியோவில் 19 குறும்படங்களையும் 10 முழுநீளப் படங்களையும் எடுத்தார். இன்று அவர் பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த எட்டு ஆண்டுகளே.

சாப்ளினோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சாப்ளின் பார்வையாளரின் கண்ணை நேராகப் பார்த்து இரக்கத்தைக் கேட்பவர். கீட்டன் நம் பக்கம் திரும்புவதே இல்லை. கப்பல், ரயில், புயல், நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் என்று தம்மைவிடப் பல மடங்கு பெரிய ஒன்றின் நடுவே நின்று, இது எப்படி இயங்குகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். யார் பெரியவர் என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை.

பஸ்டர் என்ற பெயரை மாயவித்தைக்காரர் ஹூடினி வைத்தார் என்பது உண்மையா?

இயற்பெயர் ஜோசஃப் ஃபிராங்க் கீட்டன். குழந்தையாக இருந்தபோது மாடிப்படிகளில் உருண்டு விழுந்தும் காயமின்றி எழுந்து உட்கார்ந்ததாகவும், அதைப் பார்த்த ஹாரி ஹூடினி, பலத்த வீழ்ச்சியைக் குறிக்கும் அன்றைய பேச்சு வழக்குச் சொல்லான 'பஸ்டர்' என்பதைச் சொல்லி வியந்ததாகவும் கீட்டன் குடும்பம் காலமெல்லாம் சொல்லி வந்தது. ஹூடினியும் கீட்டனின் தந்தையும் அந்த நாள்களில் சேர்ந்து தொழில் செய்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய செய்திக் குறிப்புகளில் பெயர் வைத்தவராக வேறொரு மேடை நடிகர் சொல்லப்படுகிறார். ஹூடினி உலகப் புகழ் பெற்ற பிறகு கதையில் அவர் பெயர் ஏறியிருக்கலாம்; தந்தை ஜோ விளம்பரத்தின் அருமை அறிந்தவர்.

சின்னப் பையனை மேடையில் தூக்கி எறிந்தார்களாமே, அது கொடுமை இல்லையா?

தூக்கி எறிந்தது உண்மை. 'மூன்று கீட்டன்கள்' என்ற பெயரில் தந்தை, தாய், மகன் மூவரும் நடத்திய மேடை நிகழ்ச்சியில், அடங்காப் பிள்ளையைத் தந்தை திருத்துவதுதான் கதை. திரைச்சீலைமீதும் இசைக்குழு உட்கார்ந்திருக்கும் பள்ளத்திலும் சில வேளைகளில் பார்வையாளர்கள்மீதும் பையன் வீசப்படுவான். பிடித்துத் தூக்க வசதியாக அவன் உடையின் முதுகில் ஒரு பெட்டிக் கைப்பிடியைத் தைத்திருந்தார்கள். நியூயார்க்கில் குழந்தைகளைப் பாதுகாக்கும் சங்கத்தினர் இந்த நிகழ்ச்சியை விடாமல் துரத்தினார்கள். அதிகாரிகள் முன்னால் தம் சட்டை கழற்றப்பட்டு, உடலில் காயம் இருக்கிறதா என்று சோதிக்கப்பட்டதையும், எதுவும் அகப்படாததையும் கீட்டன் பிற்காலத்தில் பெருமையாகவே சொல்லியிருக்கிறார்.

கொடுமையா என்ற கேள்விக்கு அவர் தந்த பதில், இல்லை என்பதே. எப்படி விழுவது, எந்தக் கணத்தில் கையைத் தரையில் ஊன்றுவது, உடலை எப்போது தளர்த்துவது என்பதெல்லாம் நடக்கப் பழகும் வயதிலேயே தமக்கு வந்துவிட்டது என்றார். இருந்தாலும் இந்தக் கதையை முழு மகிழ்ச்சியோடு என்னால் சொல்ல முடிவதில்லை. தந்தையின் குடி ஆண்டுக்கு ஆண்டு கூடியது. குடித்த கையால் எறியப்படுவது வேறு விஷயம் என்பதை உணர்ந்த தாயும் மகனும் 1917இல் அந்த நிகழ்ச்சியையே கலைத்துவிட்டார்கள்.

அவருக்குச் சிரிக்கவே வராதா? சிரிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்களாமே?

சிரிக்காத முகம் எந்தப் பட ஒப்பந்தத்துக்கும் முன்பே வந்த பழக்கம். மேற்சொன்ன மேடை நிகழ்ச்சியில், எறியப்பட்ட பையன் தானும் சிரித்தால் கூட்டம் குறைவாகச் சிரிக்கிறது என்பதையும், ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நின்றால் அரங்கமே அதிர்கிறது என்பதையும் சிறுவன் கீட்டன் கண்டுகொண்டான். அதன் பிறகு அது அனிச்சையாகிவிட்டது. 'கல் முகம்' என்ற பட்டம் பத்திரிகைகள் தந்தது.

ஆனால் அவர் திரையில் சிரித்ததே இல்லை என்பது தவறு. 1917இல் வெளியான 'கோனி ஐலண்ட்' குறும்படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார். 1934இல் பிரான்ஸில் எடுத்த ஒரு படமும் அவருடைய புன்னகையோடு முடிகிறது. 'கல் முகம்' என்ற பட்டத்தை நம்பி அந்த முகத்தைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. உதடுகள் அசையாதபோது கண்களும் கழுத்தும் தோள்களும் எவ்வளவு பேசுகின்றன என்பதை 'தி ஜெனரல்' படத்தின் எந்தப் பகுதியிலும் காணலாம்.

நாடகத்திலிருந்து சினிமாவுக்கு எப்படி வந்தார்? ஆர்பக்கிள் கொலை வழக்கில் இவருக்கும் தொடர்பு உண்டா?

1917இல் நியூயார்க்கில் ஒரு மேடை நிகழ்ச்சியில் ஒப்பந்தமாகியிருந்த வேளையில், அன்றைய பெரிய நகைச்சுவை நட்சத்திரமான ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்பைப் பார்க்கச் சென்றார் கீட்டன். அன்றே 'தி புச்சர் பாய்' படத்தில் ஒரு காட்சியில் நடித்தார். நடிப்பைவிட அவரை அதிகம் ஈர்த்தது கேமரா. அதைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததாக அவரே சொன்னார். மேடையில் கிடைத்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் படத்துறையில் சேர்ந்தார். 1918இல் படைவீரராக பிரான்ஸ் சென்றபோது காதில் ஏற்பட்ட தொற்றால் கேட்கும் திறன் ஓரளவு குறைந்தது. அது கடைசிவரை சரியாகவில்லை. திரும்பி வந்ததும் தயாரிப்பாளர் ஜோசஃப் ஷெங்க், சாப்ளின் முன்பு பயன்படுத்திய ஸ்டுடியோ ஒன்றை வாங்கிக் கீட்டனிடம் ஒப்படைத்தார்.

ஆர்பக்கிள் வழக்குக்கும் கீட்டனுக்கும் தொடர்பில்லை. 1921 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ விடுதி ஒன்றில் நடந்த விருந்துக்குப் பின் வர்ஜீனியா ராப் என்ற நடிகை இறந்ததையொட்டி ஆர்பக்கிள் மீது வழக்குத் தொடரப்பட்டது. மூன்றாவது விசாரணையில், 1922 ஏப்ரலில், நடுவர் குழு அவரை விடுவித்ததோடு அவருக்கு அநீதி இழைக்கப்பட்டதாகவும் எழுத்தில் தந்தது. தொழிலில் பலர் விலகியபோதும் கீட்டன் நண்பரை விட்டுக்கொடுக்கவில்லை.

வீட்டுச் சுவர் முழுதாக அவர்மேல் விழுகிறதே, அது தந்திரக் காட்சிதானே?

இல்லை. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்துக்காக 1927இல் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் ஒரு சிற்றூரையே கட்டி, விமான இன்ஜின் பொருத்திய காற்றாடிகளால் புயலை உண்டாக்கி எடுத்த காட்சி அது. இரண்டு டன் எடை என்று வழக்கமாகச் சொல்லப்படும் வீட்டு முகப்பு அப்படியே சரிகிறது. மாடிச் சன்னலின் திறப்பு கீட்டன் நிற்கும் இடத்தில் வந்து பொருந்துகிறது. தலைக்கும் தோளுக்கும் விடப்பட்ட இடைவெளி சில அங்குலங்கள் மட்டுமே. சுவர் இலேசாக இருந்தால் காற்றில் வளைந்து இடம் மாறிவிடும் என்பதால் அதைக் கனமாகக் கட்டுவதே பாதுகாப்பு என்று முடிவு செய்தார்கள். படப்பிடிப்புக் குழுவில் சிலர் பார்க்கத் துணியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இந்த எண்ணம் திடீரென்று வந்ததன்று. 1919இல் ஆர்பக்கிளுடன் நடித்த 'பேக் ஸ்டேஜ்' படத்தில் இலேசான மேடைத் தட்டி ஒன்று இவ்வாறு விழும். 1920இல் 'ஒன் வீக்' படத்தில் வீட்டுச் சுவர் விழும். 1927இல் முழு முகப்பும் விழுந்தது. ஒரே வேடிக்கையை எட்டு ஆண்டுகள் வளர்த்துக்கொண்டே போயிருக்கிறார். தம் ஸ்டுடியோ மூடப்படப்போகிறது என்ற செய்தி அந்தப் படப்பிடிப்பின்போதுதான் வந்தது என்பதால், உயிரைப் பற்றிக் கவலையில்லாத மனநிலையில் அங்கே நின்றார் என்று எழுதுபவர்கள் உண்டு. எட்டு ஆண்டு ஒத்திகையை மறந்துவிட்டுச் சொல்லும் பேச்சாகவே அது எனக்குப் படுகிறது.

அப்படியானால் எல்லாச் சாகசங்களையும் டூப் இல்லாமல் அவரே செய்தாரா?

கிட்டத்தட்ட எல்லாவற்றையும். விலக்காக அனைவரும் சொல்வது 1927இல் வந்த 'காலேஜ்' படத்தில் கோலூன்றித் தாவி மாடிச் சன்னலுக்குள் நுழையும் காட்சி. அதைச் செய்தவர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் தங்கம் வென்ற லீ பார்ன்ஸ். இதற்கு நேர்மாறாக, மற்ற நடிகர்களுக்குக் கீட்டன் டூப் போட்டதும் உண்டு. 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுபவர் கீட்டனே; அந்த வேடத்தில் நடித்தவர் வேறொருவர்.

அதே படத்தில்தான் பெரிய விபத்தும் நடந்தது. ஓடும் சரக்கு ரயிலின் கூரைகள்மேல் ஓடிவந்து, இன்ஜினுக்கு நீர் நிரப்பும் தொட்டியின் குழாயைப் பற்றித் தொங்கும்போது, எதிர்பாராத வேகத்தில் கொட்டிய நீர் அவரைத் தண்டவாளத்தின்மேல் அறைந்தது. சில நாள்கள் கடுமையான தலைவலி இருந்ததாம், படப்பிடிப்பு தொடர்ந்தது. கழுத்தெலும்பு முறிந்து தானாகவே கூடியிருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயில் கண்டு சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. 'அவர் ஹாஸ்பிடாலிட்டி' படத்தில் ஆற்றில் மிதக்கும் காட்சியில் அவரைப் பிடித்திருந்த கயிறு அறுந்து அடித்துச் செல்லப்பட்டதும் உண்மை விபத்தே. அந்தப் பகுதி படத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தின் அருவிக் காட்சி ஸ்டுடியோவில் கட்டப்பட்ட செட்டில் எடுத்தது. 'செவன் சான்சஸ்' படத்தில் மலைச்சரிவில் துரத்தி வரும் பாறைகள் காகிதக்கூழும் சாந்தும் கொண்டு செய்யப்பட்டவை. முன்னோட்டத் திரையிடலில் தற்செயலாக உருண்டுவந்த ஓரிரு கற்களைக் கண்டு மக்கள் சிரித்ததால், திரும்பவும் மலைக்குச் சென்று அந்தக் காட்சியை எடுத்தார்.

கணினி இல்லாத காலத்தில் திரைக்குள் நுழையும் காட்சியை எப்படி எடுத்தார்கள்?

'ஷெர்லாக் ஜூனியர்' 1924இல் வந்தது. அதில் திரையரங்க இயந்திரத்தை இயக்கும் இளைஞன் தூங்கிவிட, அவன் கனவுருவம் எழுந்து நடந்து திரைக்குள் ஏறிவிடுகிறது. அவன் நிற்கும் இடம் தோட்டம், தெரு, பாறை, பாலைவனம், கடல் என்று மாறிக்கொண்டே போகிறது. முதலில் தெரியும் 'திரை' உண்மையில் விளக்கு வெளிச்சத்தால் திரைபோல் காட்டப்பட்ட மேடை. நடிகர்கள் அதற்குள் நேரிலேயே நின்றார்கள். இடங்கள் மாறும் பகுதிக்கு நில அளவைக் கருவிகளைப் பயன்படுத்தி, கேமராவுக்கும் கீட்டனுக்கும் இடையிலான தொலைவும் அவர் நிற்கும் நிலையும் ஒவ்வோர் இடத்திலும் இம்மி பிசகாமல் ஒத்துவரும்படி அளந்தார்கள். ஓரிடத்தில் குதிக்கத் தொடங்கும் உடல் இன்னோர் இடத்தில் தரையைத் தொடுகிறது.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது 1921இல் வந்த 'தி பிளேஹவுஸ்'. ஒரே சட்டகத்தில் ஒன்பது கீட்டன்கள் ஆடுகிறார்கள். கேமராவின் முன் ஒன்பது பிளவுகள் கொண்ட மறைப்பு ஒன்றை வைத்து, ஒரு பிளவை மட்டும் திறந்து ஒரு கீட்டனைப் படம்பிடித்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த பிளவைத் திறந்து அடுத்தவரை எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி கையால் சுழற்றும் வேகம் ஒன்பது முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். கீட்டன் தாளக் கருவியின் ஒலிக்கு ஏற்ப ஆடினார். ஒரு முறை தவறினாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

படங்களில் இயக்குநர் என்று வேறு பெயர்கள் போடுகிறார்களே, உண்மையில் யார் இயக்கியது?

எடி க்ளைன், ஜாக் ப்ளைஸ்டோன், டொனால்ட் கிரிஸ்ப், க்ளைட் ப்ரக்மன் ஆகியோர் சில படங்களில் கீட்டனோடு சேர்ந்து இயக்குநர்களாகக் குறிக்கப்படுகிறார்கள். 'காலேஜ்', 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' இரண்டிலும் கீட்டன் பெயர் இயக்குநராக வரவே இல்லை. ஆயினும் அந்தப் பத்துப் படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு ஒரே கைதான் தெரியும். முகத்தை அருகில் காட்டுவதைத் தவிர்த்து, தலை முதல் கால்வரை முழு உடலும் சுற்றுப்புறமும் வெட்டில்லாமல் தெரியும்படி எடுப்பது அவர் வழக்கம்; வெட்டினால் பார்ப்பவர் தந்திரம் என்று சந்தேகிப்பார் என்பது காரணம்.

எழுதி முடித்த திரைக்கதை இருந்ததில்லை. தொடக்கமும் முடிவும் கிடைத்துவிட்டால் நடுப்பகுதி தானாக வந்துவிடும் என்பது அவர் கொள்கை. ப்ரக்மன், ஜீன் ஹாவெஸ் முதலியோர் வேடிக்கைகளை யோசிப்பார்கள்; ஃப்ரெட் கபூரி பாலம், வீடு, இயந்திரம் எதுவானாலும் கட்டித் தருவார். யோசனை நின்றுவிட்டால் எல்லாரும் பேஸ்பால் ஆடப் போய்விடுவார்கள், வழி தோன்றியதும் மட்டையை எறிந்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். இப்படி வேலை செய்யும் ஆளை மணிக்கணக்குப் பார்க்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பது பேசும்படம் பற்றிய கேள்வியில் வருகிறது.

'தி ஜெனரல்' படத்தில் நிஜ ரயிலையே ஆற்றில் தள்ளினார்களா? அவ்வளவு நல்ல படம் ஏன் ஓடவில்லை?

நிஜ இன்ஜின்தான். 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, வடக்குப் படையைச் சேர்ந்தவர்கள் தென்பகுதிக்குள் ஊடுருவி ரயில் ஒன்றைத் திருடிச் சென்ற உண்மை நிகழ்ச்சி படத்தின் அடிப்படை. பழைய பாணித் தண்டவாளங்களும் காடும் ஆறும் ஒருங்கே கிடைத்ததால் ஓரிகன் மாநிலத்தின் காட்டேஜ் க்ரோவ் நகருக்கருகே படமெடுத்தார்கள். 1926 ஜூலை 23 அன்று, ரோ ஆற்றின்மேல் கட்டிய மரப்பாலத்துக்குத் தீ வைத்து, அதன்மீது இன்ஜினை ஓட்டி, பாலத்தோடு ஆற்றில் விழச் செய்தார்கள். மௌனப்படக் காலத்தின் மிக விலையுயர்ந்த ஒற்றைக் காட்சி என்றும் 42,000 டாலர் செலவு என்றும் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அந்த இன்ஜின் இரண்டாம் உலகப்போரில் பழைய இரும்புக்காக எடுக்கப்படும்வரை ஆற்றிலேயே கிடந்து, வேடிக்கை பார்க்க ஆள்களை வரவழைத்தது. மாநிலப் படையினர் ஏறத்தாழ 500 பேர் இரண்டு தரப்பின் சீருடைகளையும் மாறி மாறி அணிந்து நடித்தார்கள். விறகு இன்ஜின்களின் பொறியால் காடு பற்றிக்கொண்டபோது, அந்தச் சீருடைகளைக் கொண்டே தீயை அடித்து அணைத்தார்கள்.

ஏறத்தாழ 7,50,000 டாலர் செலவான படம் அமெரிக்காவில் 5 லட்சத்தைக்கூட எட்டவில்லை. நகைச்சுவைப் படத்தில் இவ்வளவு போரும் சாவும் எதற்கு என்று விமர்சகர்கள் சலித்துக்கொண்டார்கள். சிரிப்பு வெடிகளை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, ஒரே தண்டவாளத்தில் போகும்போது நடந்தவை அத்தனையும் திரும்பும்போது தலைகீழாக நடக்கும் அந்தக் கட்டமைப்பின் அழகு பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். கீட்டன் கடைசிவரை தம் படங்களில் இதையே முதலாவதாகச் சொன்னார். 1989இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவகம் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த 25 படங்களுள் இதுவும் ஒன்று.

அந்தப் படத்தின் நாயகன் அடிமை முறையைக் காத்த தெற்குப் படைக்கு உதவுகிறானே, இதை எப்படி ரசிப்பது?

நியாயமான கேள்வி. உண்மை நிகழ்ச்சியில் ரயிலைத் திருடியவர்கள் வடக்குத் தரப்பினர். தலைவர் ஆண்ட்ரூஸ் உள்பட 8 பேரைத் தெற்கு அரசு தூக்கிலிட்டது. கீட்டன் கதையைத் துரத்துபவனின் பக்கத்திலிருந்து சொன்னார். தோற்றுப்போன தெற்கை வில்லனாக்கினால் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்பது அவர் தந்த விளக்கம். 1920களின் அமெரிக்க வெகுமக்கள் மனநிலையை அந்த விளக்கம் சரியாகவே காட்டுகிறது. படத்தில் அடிமை முறை என்ற ஒன்று இருந்ததாகவே தெரியாது. நாயகன் கொள்கைக்காகவும் போகவில்லை. இன்ஜினும் காதலியும் போய்விட்டன என்று போகிறான். இது குற்றத்தைக் குறைக்கிறதா, மறைக்கிறதா என்பதில் எனக்கு இரண்டாவதே சரியெனத் தோன்றுகிறது.

'செவன் சான்சஸ்', 'காலேஜ்' ஆகியவற்றில் வெள்ளையர் கறுப்பு மை பூசி நடிக்கும் பகுதிகளும், மேலே புகழ்ந்த 'தி பிளேஹவுஸ்' ஒன்பது பேர் காட்சியில் அதே மையும் இருக்கின்றன. அன்று மேடையிலும் திரையிலும் வழக்கமாக இருந்தது என்பது வரலாறு. அதனால் அது வேடிக்கையாகிவிடாது. அந்தப் பகுதிகளை வெட்டிவிட்டுத் திரையிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் திரையிடலாம்.

குரல் சரியில்லாததால்தானே பேசும்படம் வந்ததும் அவர் வீழ்ந்தார்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. நேர்ப் பதில்: இல்லை. தாழ்ந்த, சற்றுக் கரகரப்பான அவர் குரல் அந்த முகத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் மேடையில் வளர்ந்தவருக்குப் பேச்சு புதிதுமன்று. அவருடைய பேசும்படங்கள் நன்றாகவே பணம் ஈட்டின என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மற்ற நாடுகளுக்காகச் சில படங்களை ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தனித்தனியாக எடுத்தபோது, அந்த வசனங்களை ஒலியளவில் மனப்பாடம் செய்து அவரே பேசி நடித்தார்.

அவரை வீழ்த்தியது அவர் பேசும்படங்களில் நடிக்கத் தொடங்குவதற்கு முன்பே போடப்பட்ட ஒரு கையெழுத்து. 1928இல் ஷெங்க் கீட்டனின் நிறுவனத்தை மூடி, அவரை ஹாலிவுட்டின் பெரிய பட நிறுவனமான எம்ஜிஎம்முக்கு அனுப்பினார். சாப்ளினும் லாயிடும் போகாதே என்று எச்சரித்தார்கள். வாரத்துக்கு 3,000 டாலர் சம்பளம். அதற்கு ஈடாக, இயக்கம் பற்றிய கேள்வியில் சொன்ன வேலைமுறை முழுவதும் போயிற்று. கதை, வசனம், அட்டவணை எல்லாம் வேறு துறைகளிலிருந்து எழுதி வந்தன. ஆபத்தான காட்சிகளை அவர் செய்வதற்கும் தடை வந்தது. முதல் படமான 'தி கேமராமேன்' படப்பிடிப்பில் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பர்க்கிடம் வாதாடி, தடித்த திரைக்கதையை ஓரம்கட்டினார். அது நல்ல படமாக வந்தது. அந்தச் சலுகை நீடிக்கவில்லை. பின்னால் நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுரான்டியோடு சேர்த்து, கீட்டனை இரக்கத்துக்குரிய அசடாகக் காட்டும் படங்கள் வந்தன. குடி முற்றியது, 1933இல் நிறுவனத் தலைவர் லூயிஸ் பி. மேயர் அவரை வேலையைவிட்டு நீக்கினார். எம்ஜிஎம்முக்குப் போனதே வாழ்க்கையில் செய்த மிகப் பெரிய தவறு என்று தன்வரலாற்றில் எழுதினார்.

சொந்த ஸ்டுடியோ வைத்திருந்தவர் ஏன் அதை விட்டுக்கொடுத்தார்?

ஸ்டுடியோவுக்கு அவர் பெயர் இருந்தது, உரிமை இல்லை. பங்குகள் ஷெங்கிடமும் அவருடைய கூட்டாளிகளிடமும் இருந்தன. போதாக்குறைக்கு இது குடும்ப விவகாரமும்கூட: கீட்டன் 1921இல் மணந்த நாட்டலி டால்மட்ஜின் அக்கா நார்மா, ஷெங்கின் மனைவி, எம்ஜிஎம்மின் தாய் நிறுவனத்தை நடத்தியவர் ஷெங்கின் தம்பி நிக்கலஸ். வீட்டுக்குள்ளேயே எல்லாம் முடிவாகிவிட்டது. கணக்கு வழக்குகளில் கீட்டனுக்கு ஒருபோதும் அக்கறை இருந்ததில்லை. சாப்ளினும் லாயிடும் தம் படங்களின் உரிமையைக் கையில் வைத்திருந்ததால் தப்பித்தார்கள். 1932இல் நாட்டலி மணவிலக்குப் பெற்றார். இரண்டு மகன்களின் குடும்பப் பெயரும் பின்னர் டால்மட்ஜ் என்று மாற்றப்பட்டது.

கடைசியில் யாரும் கவனிக்காமல் வறுமையில் செத்தாராமே?

இது பாதி உண்மையை இறுதிவரை நீட்டிவிட்ட கதை. 1930களின் நடுப்பகுதி மோசமான காலம்தான்: சிகிச்சை பெறும் அளவுக்குக் குடி, அவசரமாக நடந்து அவசரமாக முறிந்த இரண்டாம் திருமணம், மலிவான குறும்படங்கள். 3,000 டாலர் வாங்கிய அதே எம்ஜிஎம்மில் வாரம் 100 டாலருக்கு மற்றவர்களின் படங்களுக்கு வேடிக்கை எழுதித் தரும் வேலையும் செய்தார். ஆனால் 1940இல் நடனக் கலைஞர் எலினார் நோரிஸை மணந்த பிறகு வாழ்க்கை நிதானத்துக்கு வந்தது. தம்மைவிட 20 ஆண்டுகளுக்கு மேல் இளையவரான அவரோடு இறுதிவரை வாழ்ந்தார்.

1949இல் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி மௌன நகைச்சுவை பற்றி எழுதிய நீண்ட கட்டுரை 'லைஃப்' இதழில் வெளிவந்ததும் பெயர் மறுபடியும் பேசப்பட்டது. தொலைக்காட்சியும் விளம்பரப் படங்களும் பாரிஸ் சர்க்கஸும் தொடர்ந்து வேலை கொடுத்தன. அவர் வாழ்க்கையைப் பற்றி 1957இல் வந்த படம் உண்மைக்குச் சிறிதும் பொருந்தாதது என்றாலும், அதற்குக் கிடைத்த பணத்தில் வீடு வாங்கினார். 1960இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. 1964இல் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் எழுதிய குறும்படத்தில் நடித்தார். அதே காலத்தில் கனடாவில் எடுத்த 'தி ரெயில்ராடர்' படப்பிடிப்பில், உயரமான ரயில் பாலத்தில் விரித்த வரைபடம் முகத்தை மூடியிருக்க வண்டியில் கடக்கும் காட்சி ஆபத்தானது என்று இளம் இயக்குநர் தயங்கியபோது, 70ஐ நெருங்கிக்கொண்டிருந்த கீட்டன் பிடிவாதம் பிடித்துச் செய்து காட்டினார். 1965 வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1 அன்று, நுரையீரல் புற்றுநோயால், தம் வீட்டில் இறந்தார்.

'லைம்லைட்' படத்தில் கீட்டன் நன்றாக நடித்ததைப் பொறாமையால் சாப்ளின் வெட்டிவிட்டாராமே?

1952இல் வந்த அந்தப் படம்தான் இருவரும் ஒன்றாக நடித்த ஒரே படம். வயலின்காரராகச் சாப்ளினும் கிட்டப்பார்வையுள்ள பியானோக்காரராகக் கீட்டனும் மேடையேறும் காட்சியில், இசைத் தாள்கள் சரிந்து சரிந்து விழ அவற்றோடு கீட்டன் மல்லுக்கட்டும் பகுதி முழுதாகவே இருக்கிறது. பொறாமைக்காரர் முதலில் வெட்டியிருக்க வேண்டியது அதைத்தான். தவிரவும், கீட்டன் சாப்ளினைப் பற்றிக் கடைசிவரை மதிப்போடுதான் பேசினார்.

அவ்வளவு பழைய படங்கள் எப்படி அழியாமல் கிடைத்தன?

முழுக்க அழியாமல் என்று சொல்ல முடியாது. சில குறும்படங்கள் குறைபட்ட நிலையில்தான் கிடைக்கின்றன. வசதியாக இருந்த காலத்தில் கீட்டன் பெவர்லி ஹில்ஸில் கட்டிய பெரிய மாளிகை பிற்காலத்தில் நடிகர் ஜேம்ஸ் மேசன் கைக்கு வந்தது. அங்கே பூட்டிக் கிடந்த இடத்தில் கீட்டன் படங்களின் சுருள்கள் இருப்பதை 1950களில் மேசன் கண்டார். எளிதில் தீப்பற்றும், நாளடைவில் தூளாகும் நைட்ரேட் ஃபிலிம் அது. அவற்றைப் பாதுகாப்பான ஃபிலிமில் நகலெடுப்பதிலும் மற்றப் பிரதிகளைத் தேடிச் சேர்ப்பதிலும் ரேமண்ட் ரோஹவர் என்ற விநியோகஸ்தர் கீட்டனோடு கூட்டுச் சேர்ந்தார். உரிமை விஷயத்தில் ரோஹவர் கறாரானவர், வழக்குகளுக்கு அஞ்சாதவர். ஆராய்ச்சியாளர் பலருக்கு அவர்மேல் கசப்பு உண்டு. எனினும் அவர் இல்லாமல் 1960களின் ஐரோப்பியத் திரையிடல்கள் நடந்திருக்கா.

முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்? இணையத்தில் நிறைய பிரதிகள் இருக்கின்றன, எதை நம்புவது?

இருபது நிமிடம் மட்டுமே இருந்தால் 'ஒன் வீக்': புதுமணத் தம்பதிக்குப் பரிசாக வந்த, பெட்டிகளில் எண்ணிட்டு அனுப்பப்பட்ட வீட்டுப் பாகங்களை யாரோ எண் மாற்றிவிட, அவர்கள் கட்டி முடிக்கும் விபரீத வீட்டின் கதை. பிள்ளைகளுக்கும் பிடிக்கும். அடுத்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடும் 'ஷெர்லாக் ஜூனியர்'. மூன்றாவதாக 'தி ஜெனரல்'. முதலிலேயே 'தி ஜெனரல்' பார்த்து ஏமாந்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். பேசும்படங்களை இறுதிக்கு ஒதுக்கிவையுங்கள்.

1928வரை வெளியான இவருடைய படங்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்துவிட்டதால் யாரும் ஏற்றலாம். எனவே மோசமான பிரதிகளே அதிகம். மூன்று விஷயங்களைப் பாருங்கள். அனைவரும் பொம்மைபோல் விறுவிறுவென்று நடந்தால் வேகம் தவறு. ஆனால் துரத்தல் காட்சிகளில் சிறிதளவு வேகம் கீட்டனே வேண்டுமென்று வைத்தது. இசை படத்தோடு ஒட்டாமல் ஏதோ ஒரு பியானோத் துண்டு திரும்பத் திரும்ப ஓடினால் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது மேல். மூன்றாவது முக்கியமானது: அந்தப் படங்களின் சட்டகம் ஏறத்தாழச் சதுரம். அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிய பிரதியில் அவர் கால்கள் தெரியாது. அவருடைய நகைச்சுவையில் பாதி கால்களில்தான் நடக்கிறது என்பதால், அப்படிப்பட்ட பிரதியை மூடிவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.